விளக்கெண்ணெயில் ஓடும் வண்டி

பிப்ரவரி 4, செவ்வாய்
காலையில் பனி. சித்தப்பாவின் காருக்கடியில் படுத்ததில் முதுகெல்லாம் ஈரம். பின் சக்கரத்தைச் சுழற்றும் நீள ஷாஃப்ட், இரண்டு முனை ஜாயின்ட்டும் எலும்பாய்க் காய்ந்து கிடக்கின்றன. கிளட்சை விட்டால் 'டங்'. கிரீஸ் வேண்டும் என்றேன். கிரீஸில் மாட்டுக் கொழுப்பு, இந்த வீட்டு வண்டியில் அது ஏறாது என்றார் சித்தப்பா. விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டுமாம். சுற்றுகிற வேகத்தில் எண்ணெய் தெறித்துவிடும், நிற்காது என்று விளக்கினேன். எதிர்வீட்டு வக்கீலைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இன்ஜினீயருக்குப் படிக்க வச்சேனோல்லியோ, வண்டிக்கடியில படுத்துண்டு எனக்கே பாடம் எடுக்கறான் பாருங்கோ."

வக்கீல் சிரித்தார். ஊற்றினேன். சட்டையில் நாற்றம். மறக்க மாட்டேன்.

பிப். 5
கமலாவைத் தி. நகர்க்காரர் ஒருவருக்குப் பேசுகிறார் சித்தப்பா. இரண்டாம் தாரம். செலவில்லாத சம்பந்தமாம். அவருக்கு நாற்பது தாண்டியாயிற்று, என் தங்கைக்குப் பதினேழு. அப்பா இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார். மாப்பிள்ளை மகா ஆசாரம். போகிற இடத்துக்கெல்லாம் சொந்தக் கூஜாவில் தண்ணீர். ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். சித்தப்பா வண்டியில் போய் அழைத்து வருவார்.

கமலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். கல் இல்லாத அரிசி.

பிப். 8, சனி
பிளேடு வாங்க மறந்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு டப்பா கிரீஸ் வாங்கி வந்தேன். கொழுப்புப் போட்டதுதானா என்று ஸ்டோர்காரனைக் கேட்டேன். "பின்ன இன்னா நைனா, வெண்ணெயா போடுவான்?"

சித்தப்பா கோயிலுக்குப் போனதும் கிரீஸ் துப்பாக்கியை எடுத்தேன். பழைய அழுக்கெல்லாம் பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடித்தேன். மாட வீதி ஒரு சுற்று. சத்தமே இல்லை. சத்தம் நாளைக்கு.

பிப். 9, ஞாயிறு
வந்தார்கள், மாப்பிள்ளையும் அவர் அக்காவும். சொஜ்ஜி, பஜ்ஜி. அவர் தொடவில்லை, கூஜா. வண்டி வழுக்கிக்கொண்டு வந்ததே என்றாள் அக்கா. சுத்த விளக்கெண்ணெய், கொழுப்பு கிடையாது என்று சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாட்டுக் கொழுப்புதான் சித்தப்பா. நேத்து நான்தான் அடைச்சேன். தி. நகர்லேர்ந்து எல்லாரும் அதுலதான் வந்தேள்."

அக்கா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். மாப்பிள்ளை கூஜாத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினார். வெயிலில் நடந்தே போனார்கள். சித்தப்பா கை ஓங்கினார். ஓங்கியதோடு சரி. எனக்கு வயிறு குளிர்ந்தது.

பிப். 10
தீட்டுக் கழிய வண்டிக்குப் புண்யாகவாசனம். வாத்தியார் மாவிலையால் சீட், சக்கரம், ஹாரன்வரை தெளித்தார். அடியில்? பஞ்சகச்சத்தோடு குனிந்து பார்த்தார். முதலில் அதைக் கழற்றி அலம்பினால்தான் இது பலிக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

வெளி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் விஷயம் தெருவுக்கே தெரியும். ஆக, நான்தான். அலம்பித் தரும்படி சித்தப்பா கமலாவிடம் சொல்லியனுப்பினார். இனி அவளைக் கேட்டுத்தான் சம்பந்தம் பேசுவேன் என்று அவள் எதிரில் சொல்லட்டும், ஸ்பானரை எடுக்கிறேன் என்றேன்.

பிப். 11
சித்தப்பா ஆபீசுக்கு நடை. குடை மறந்துவிட்டாராம். நல்ல வெயில்.

பிப். 13
நேற்றும் நடை. இன்று மாலை கூடத்தில் நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே அவளைக் கேக்காம யார் ஜாதகமும் எடுக்கலே."

கமலா கேட்டுவிட்டு உள்ளே போனாள். பாட்டு முணுமுணுப்பு, வெகு நாளைக்குப் பிறகு.

ஷாஃப்டை இறக்கி, மண்ணெண்ணெயில் அலம்பி, அவர் கண்முன் காட்டினேன். அவர் உள்ளே போனதும் மாட்டினேன். திரும்பி வந்து, இப்போது எதைப் போட்டாய் என்று கேட்க வாய் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.