அகராதியைப் பார்க்காமல் எழுதியவை

என்னைத் திட்டவே தெரியாத என் கமலா அக்காவுக்கு,

போன வாரம் உனக்கு வருஷ திதி கொடுத்தோம். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு உன் புகுந்த ஊர் அடி அண்ணாமலைக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி உன் வீடு வரைக்கும் நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகிறது, அக்கா. உடம்பு ஐம்பது என்கிறது.

நம் ஊரைத் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள், தெரியுமா? இனி எல்லாவற்றுக்கும் வேலூருக்கு ஓட வேண்டாம் என்று ஊரே சந்தோஷப்படுகிறது. தாலுகா ஆபீஸில் எங்களுக்குத்தான் இடுப்பு ஒடிகிறது. என் மேஜையில் அடுக்கியிருக்கும் ஃபைலில் எதிர் சீட்டுக்காரர் முகம் தெரிவதில்லை. புது ஆபீஸ் என்றால் புது ஆள் வேண்டுமே. உன் மகள் சாந்தியும் கிளார்க் பரீட்சைக்கு மனு போட்டிருக்கிறாள். தை மாசம் பரீட்சை.

திதிச் சாப்பாடு முடிந்து நான் கூடத்தில் சற்றுத் தலையைச் சாய்த்திருந்தேன். உள்ளே சாந்தி சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "ப்ரிசர்வ்னா, பந்தியில மொதல்ல பரிமாறுறது."

எழுந்து போய், என்னடி படிக்கிறாய் என்று கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து அந்தக் கட்டை எடுத்துக் காட்டினாள். எழுபதாம் வருஷத்துத் தினசரி காலண்டர் தாள்கள். பின்பக்கம் முழுக்க உன் குண்டுக் கையெழுத்து. அம்மா பரணில் பத்திரமாக வைத்திருந்தார்கள், சித்தி என்று பெருமையாகச் சொன்னாள்.

நாம் இரண்டு பேரும் இதே கிளார்க் பரீட்சைக்குப் படித்தபோது நீ கண்டுபிடித்த வழிதானே அது? ஒரே எழுத்துக்களில் ஆரம்பிக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரே தாளில் போட வேண்டும். டி, ஐ, எஸ் என்று தலைப்பு. கீழே டிஸ்மிஸ், டிஸ்கஸ், டிஸ்பாட்ச். பக்கத்தில் தமிழில் பொருள். ஒரே தெருக்காரர்களை ஒன்றாகத் தெரிந்துகொண்டால் மறக்காது என்பாய். அந்தக் காலண்டரில் நாள் கிழிந்ததும் தாள் உன் கைக்கு வந்துவிடும்.

அகராதி நம்மிடம் ஏது? நூலகத்தில்தான் இருந்தது, அதையும் வெளியே தர மாட்டார்கள். இரண்டு பெண்களும் ஒன்றாகக் கிளம்பினால் வீட்டு வேலை யார் பார்ப்பது என்று அம்மா கேட்டதால், ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். யாருக்கு எந்த எழுத்துக்கள் என்று பிரித்துக்கொண்டோம். நான் கோழி கிளறினது போல எழுதிக்கொண்டு வருவதை, ஞாயிற்றுக்கிழமை நீ உன் கையால் அழகாகப் பெயர்த்து எழுதிக் கட்டில் சேர்ப்பாய்.

என் முறை வந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது, அக்கா. வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை படித்தேன். மூடுகிற நேரம் வந்ததும் அகராதியைப் பிரித்து, வார்த்தைகளை மட்டும் அவசரமாகக் காப்பி அடிப்பேன். பொருளைச் சன்னதித் தெருவில் நடந்து வரும்போது நானே யோசித்துப் போட்டுக்கொள்வேன். 'ப்ரி' என்றால் முன்னால், 'சர்வ்' என்றால் பரிமாறுவது, தீர்ந்தது வேலை. நீ நம்பினாய். இப்படியும் ஒரு வார்த்தை இருக்கிறது பார் என்று அம்மாவிடம் கூடச் சொன்னாய்.

பரீட்சை நெருங்கியபோது நான் கெட்டிக்காரியாக இருந்தேன். உன் தாள்களை மட்டும் உருப்போட்டேன். என்னுடையதைத் தொடவில்லை. நீ ஒன்று விடாமல் எல்லாவற்றையும் படித்தாய், என் புளுகையும் சேர்த்து. எனக்கு வேலை வந்தது. உனக்கு இங்கிலீஷ் பேப்பரில் போயிற்று.

என்னால்தானா? தெரியாது. அந்தப் பேப்பரில் என் தாளிலிருந்து ஒரு வார்த்தையாவது வந்ததா என்றும் தெரியாது. கேட்கப் பயம். "நம்ம வீட்டுக்கு ஒண்ணு வந்திருக்கே, அது போதும்டி" என்று நீ சொன்னாய். அடுத்த தையிலேயே உன்னை அடி அண்ணாமலையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மாமா நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் வரும்போதெல்லாம் நீ மல்லாட்டை உரித்து வேர்க்கடலையை முறத்தில் போட்டபடியே, ஆபீஸில் என்ன லெட்டரெல்லாம் வருகிறது, யார் பதில் எழுதுவார்கள் என்று கேட்பாயே, அப்போது எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒரு நாள், அதெல்லாம் தெரிந்து நீ என்ன பண்ணப்போகிறாய் என்று கேட்டுவிட்டேன். சும்மாதான் என்றாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. காமாலையில் படுத்திருந்த அந்தக் கடைசிப் பத்து நாளும் நான் உன் தலைமாட்டில்தான் இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

திதியன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டேன். நான்கு நாள் ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தேன். பேசாமல் ஒரு கைடு வாங்கிக் கொடுத்து, பழசைத் தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டால் போகிறது என்றும் யோசித்தேன். உன் கையெழுத்தை அவள் தூக்கிப் போடுவாளா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போய் எல்லாவற்றையும் சொன்னேன். தொடர்கதை, சன்னதித் தெரு, நான் படிக்காமல் விட்டது, எதையும் மறைக்கவில்லை. மாமா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். சாந்தி அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்தாள்.

"எந்தெந்தத் தாளு சித்தி?"

நான் குனிந்து பார்த்தேன், அக்கா. எல்லாம் உன் கையெழுத்து. எது அகராதியில் இருந்தது, எது என் மண்டையில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அப்போது தெரியும். பத்தொன்பது வருஷத்தில் மறந்துபோச்சு. ஞாபகம் இல்லைம்மா என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா எல்லாத்தையும் நெஜம்னுதானே எழுதுனாங்க" என்றாள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். நாளையிலிருந்து ஆபீஸ் விட்டதும் நூலகத்துக்கு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாத் தாளையும் சரிபார்த்துத் திருத்தி எழுதிவிடலாம் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். "திருத்தறத நான் எழுதிக்கிறேன் சித்தி. நீங்க அகராதியப் பார்த்துப் படிங்க, போதும்."

அவள் சொன்னது நியாயம். பேனா அவள் கையிலேயே இருக்கட்டும். தை பிறப்பதற்குள் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும், தெரிந்த வார்த்தையாக இருந்தாலும், பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் தாள்களைப் படித்து வேலைக்குப் போன,
உன் தங்கச்சி
சரோஜா