லிட்டருக்குப் பதினாலரை

மார்ச் 3, திங்கள்

கார் மைலேஜைக் கூட்டும் கலவை தயார். அசிட்டோன் மூன்று பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு, பொடித்த அந்துருண்டை இரண்டு. இருபத்தாறு வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அளந்து ஊற்றுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாட்டிலில் லேபிள்கூட ஒட்டிவிட்டேன்: ‘டேங்க் நிரப்பும்போது இரண்டு மூடி.’ நம் கிழட்டுக் கார் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்த காலம் மலையேறப் போகிறது.

ஒரே குறை, நான் ஓட்ட முடியாது. கண்புரை ஆபரேஷன் ஆகி ஐந்து நாள். ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே மனைவி ஓட்டுகிறாள். அவள் லைசென்ஸ் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. அது பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. நான் வண்டியைக் கொடுத்தால்தானே.

மார்ச் 5

என்னைக் கடையில் இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ஓவிய டீச்சர். பள்ளி ஊரின் அந்தக் கோடியில். எப்போதும் இரண்டு பஸ் மாறிப் போவாள். வழியெல்லாம் என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். தூரத்தில் சிக்னல் சிவப்பு என்றால் இங்கேயே காலை எடுத்துவிடுகிறாள். வண்டி பாட்டுக்கு உருளுகிறது. பின்னால் வருகிறவன் ஹாரனை அலறவிடுகிறான். “அவன் அவசரம் அவனுக்கு” என்கிறாள், அசராமல்.

மார்ச் 13

விளிம்பு வரை பெட்ரோல் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். பதிமூன்று புள்ளி எட்டு. சொன்னேனா இல்லையா!

மார்ச் 14

மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இவள் தம்பி, கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். “மாமா, அந்துருண்டைய பீரோவுல போடுங்க, டேங்க்ல போடாதீங்க.” வயிற்றெரிச்சல்.

மார்ச் 24

பதினாலரை! மாடி வீட்டு வக்கீல் உட்பட ஐந்து பேர் பாட்டில் கேட்டிருக்கிறார்கள். ஏப்ரல் இருபது, ஞாயிறு காலை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஓசிதான். பேர் கிடைத்தால் போதும் எனக்கு.

அவள் இன்று தாமதமாக வந்தாள். பள்ளி விட்டதும் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் படம் வரைந்தாளாம். “இத்தனை வருஷமா பஸ் ஜன்னல்லதான் பாத்துட்டு போயிருக்கேன்” என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை. பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 1

டாக்டர் பச்சைக் கொடி காட்டிவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள், சீட்டைக்கூட என் காலுக்குத் தக்கபடி அவளே பின்னுக்குத் தள்ளி வைத்தாள். நாளையிலிருந்து அவளுக்குப் பஸ்.

ஏப்ரல் 9

பதினொன்று புள்ளி இரண்டு. அதே கலவை, அதே இரண்டு மூடி. என்ன கூத்து இது?

ஏப்ரல் 10

மச்சான் வந்து வண்டியைக் குடைந்து பார்த்தான். பிறகு என்னோடு ஒரு சுற்று வந்தான்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல மாமா. நீங்க ஒரே மிதியா மிதிக்கிறீங்க, அடுத்த நிமிஷம் பிரேக்க அழுத்துறீங்க. அக்கா அப்படி ஓட்டாது. மருந்து டேங்க்ல இல்ல, அக்கா கால்ல இருக்கு.”

சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனான், கடன்காரன்.

ஏப்ரல் 11

இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கால் வீங்கிப்போய்ச் சோபாவில் சாய்ந்தாள். கார் வேண்டும் என்று கேட்டால் என்ன என்றேன்.

“கேட்டா குடுப்பீங்க. கேக்காமலே குடுக்குறீங்களான்னு பாத்தேன்.”

ஊருக்கெல்லாம் வலிநிவாரணி விற்கிறேன். எட்டு வருடமாக இவள் கால் என் கண்ணில் படவில்லையே — அதற்குக் கண்புரைமேல் பழி போட முடியுமா?

ஏப்ரல் 12

பெட்ரோல் நிரப்பினேன், கலவை ஒரு சொட்டு ஊற்றவில்லை. சாவியை அவளிடம் நீட்டினேன்.

“கண்ணு கூசுது. நீயே ஓட்டு.”

“டாக்டர் சரியாயிடுச்சுன்னாரே?”

“டாக்டருக்கு என்ன தெரியும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நாளை மறுநாள் சொல்லலாம்.

ஏப்ரல் 19

பதினாலு புள்ளி ஆறு. கலவையே இல்லாமல். இன்னும் சொல்லவில்லை. விடிந்தால் ஐந்து பேர் வந்து நிற்பார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வக்கீல் முதல் ஆளாகக் காலி பாட்டிலோடு வந்துவிட்டார். பின்னாலேயே மற்ற நாலு பேரும். அவள் ஏரிக்கரைக்குக் கிளம்பி, வரைபலகையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் வருவதாகச் சொல்லியிருந்தேன். கலவை நிறையவே இருந்தது. ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தால் இவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

“பாட்டில் வேண்டாம் சார். இந்தக் கலவையில ஒண்ணும் இல்ல. நான் ஓட்டினா பதினொண்ணு, இவ ஓட்டினா பதினாலரை. அவ்வளவுதான் விஷயம். எனக்கு ஓட்டத் தெரியல.”

வக்கீல் காலி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நாங்க என்ன பண்றது?” என்றார் வக்கீல்.

“இவகிட்ட கத்துக்குங்க. நானும் அதுக்குத்தான் கூடப் போறேன்.”

சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவள் சாவியைத் திருகவில்லை. “ஏன், போகலாமே” என்றேன். “இருங்க, ரோடு தெரியல” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்து முடிக்கும்வரை காத்திருந்துதான் கிளம்பினோம்.