தவக்கால ரிப்போர்ட்

ஹெந்தளை

ஷாமிலாவின் அப்பாவுக்கு,

மகள் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்களுக்குக் கண் பார்வை போய்விட்டதால் இதை உங்கள் அக்காதான் வாசித்துக் காட்டுவார். அக்கா, எதையும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.

வருடம் முழுக்கச் சாராயம், எண்ணெய்ப் பொரியல், கேக். தவக்காலத்தில் மட்டும் அத்தனையையும் நிறுத்திவிட்டு, பெரிய வெள்ளிக்கு முன்பு போய் இரத்தம் சோதிப்பீர்கள். சீனி குறைந்திருக்கும். அந்த ரிப்போர்ட்டைக் கொட்டாஞ்சேனை முழுக்கக் காட்டுவீர்கள்.

"பாத்தீங்களா, எனக்கு ஒண்டுமில்லை. இவள்தான் என்னைச் சீனி வருத்தக்காரனாக்கப் பாக்கிறாள்."

உயிர்த்த ஞாயிறன்று மறுபடி போத்தல் திறப்பீர்கள். ஒருமுறை நான் சீனி போடாமல் தந்த தேநீரை, வந்தவர்கள் முன்னால் என் காலடியில் ஊற்றினீர்கள். அக்கா, நீங்கள் சிரித்தீர்கள். அடுத்த நாளே தம்பிக்குக் கேக் கொண்டுவந்தீர்கள்.

அதன்பிறகு நான் வாயே திறக்கவில்லை. நீங்கள் கேட்டதையெல்லாம் கேட்டபடியே சமைத்துத் தந்தேன். நல்ல மனைவி என்று கோயிலிலும் சொன்னார்கள். கண் மங்குகிறது என்று நீங்கள் முதல்முதல் சொன்ன அன்று, அலுமாரியிலிருந்து அந்த ரிப்போர்ட்டைத்தான் எடுத்து நீட்டினேன்.

"பாருங்கோ, உங்களுக்கு ஒண்டுமில்லைதானே" என்றேன். நீங்களும் நம்பினீர்கள்.

நான் திரும்பி வரமாட்டேன். கடைசி ரிப்போர்ட்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அக்கா, அதை அவர் கையிலேயே கொடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வழக்கம்போல் காட்டட்டும். எந்தப் பக்கம் மேலே என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குச் சமைத்துப் போட்டவள்