புல்லில் விரித்த பீடத்துணி

1932 ஆகஸ்ட், சனி இரவு

இன்று போகம்பறை மைதானத்துக்குப் போலோ பார்க்கப் போனோம். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கந்தோரின் பெரிய கிளாக்கரையும் மனைவியையும் நான்தான் அங்கே சாப்பிட அழைத்திருந்தேன். பாண், வெள்ளரிக்காய், வெண்ணெய். செலவு அவ்வளவுதான். ஆனால் புல்லில் விரிக்க நல்ல துணி இல்லை. வெளுத்துக் கஞ்சி போடக் கோயிலிலிருந்து கொண்டுவந்த, சாமியார் பூசை வைக்கும் பீடத்தில் விரிக்கிற பீடத்துணி அலுமாரியில் இருந்தது. எடுத்துவிட்டேன். நடுவில் தைத்திருந்த சிலுவை தெரியாதபடி பாண் தட்டை அதன்மேல் வைத்தேன்.

"நல்ல வடிவான லேஸ். எங்க வாங்கினனீங்கள்?" என்று கிளாக்கரின் மனைவி தடவிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், அவருக்கு என்ன தெரியும்.

"எங்க அம்மா பின்னுனதுங்க" என்றேன். அப்போது நாக்குக் கூசவில்லை.

வீட்டுக்காரர் குதிரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போதுதான், "இனி அத எப்படிக் கோயில்ல கொண்டுபோய்க் குடுப்ப?" என்று கேட்டார்.

தட்டின் அடியில் வெண்ணெய் ஒட்டியிருந்திருக்கிறது. சவர்க்காரம், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். சிலுவையில் பட்ட கறை போகவில்லை. விடிந்தால் பூசை. சாமியார் குனிந்து உதடு பதித்து முத்தி செய்வது சரியாக அந்த இடத்தில்தான்.