தண்ணி நண்டு, கெட்டி நண்டு

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

இன்னிக்கி என் வேலை போச்சு. நண்டை வெலைக்கு எடுக்கற கொட்டகையில என் வேலை, ஏரியில பொம்பளைங்க கையால தடவிப் புடிச்சிக்கினு வர்ற நண்டை வயித்துப் பக்கம் கட்டைவிரலால அழுத்திப் பாக்கறது. அமுங்காம இருந்தா கெட்டி. அமுங்கினா உள்ள சதை இல்லாத தண்ணி நண்டு, பாதி விலைதான்.

காலையில ஓனர் பக்கத்துல வந்து, "இன்னிக்கி வரத்து ஜாஸ்தி. கெட்டியிலயும் பாதிய தண்ணினு தள்ளிடு"ன்னாரு. ஏரியில நண்டு புடிக்கற முனியம்மா அக்கா கூடையைக் கவுத்தப்போ ஒவ்வொண்ணா அழுத்தி, "கெட்டி, கெட்டி"னு சத்தமாவே சொன்னேன். அமுங்கின ஒண்ணை மட்டும் தண்ணின்னேன்.

ஓனர் கூடையைக் காலால தள்ளினாரு. "இந்தம்மா நண்டே இனி வேணாம். நீயும் கெளம்பு. நாளைக்கு உன் பொண்ணை அனுப்பு, அதுவாவது சொன்னதைக் கேக்கும்."

வெளிய வந்ததும் முனியம்மா அக்கா அழுதுச்சு. "உன் ஏசு கிட்ட நீ நல்ல பேரு வாங்கறதுக்கு என் பொழப்புதானாடி கெடைச்சுது?"

வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடக்கறாரு. என் பொண்ணு எஸ்தர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "நான் போறேம்மா. வேற இன்னா வழி?"ன்னா. நண்டை அழுத்திப் பாக்க அவளுக்குக் கத்துக் குடுத்ததே நான்தான். பொய் சொல்லக் கூடாதுன்னும் நான்தான் கத்துக் குடுத்தேன்.

ஜெபம் பண்ண முட்டி போட்டேன். எஸ்தர் அலாரம் வெச்சிட்டுத் தூங்குறா. ஆண்டவரே, அவகிட்ட போவாதேனு நான் இன்னும் சொல்லல.