பார்மட் பண்ணவா என்று கேட்டது

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க், மொபைல் போன் அளவுதான். எடுத்துப் பார்த்துக்கொள், ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகாதே. மாமாவின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலும் கூடாது. அவரிடம் முக்கியமாகச் சொல்லிவிடு. உன் தையல் மிஷின் டிராயரில் போட்டு வை.

போனில் சொல்வதற்கென்ன என்பாய். போனில் நீ "என்னடி" என்றதுமே சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. எழுதினால்தான் வாக்கியம் முடிகிறது. தவிர, உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கும். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் என் கதை தெரிந்துவிடும்.

பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா? அதில் ஈயம் இருக்கிறது. குழந்தைகள் குடிக்கவே கூடாத அளவுக்கு. மறுபடியும் மாதிரி எடுத்துச் சோதித்தேன், அதே அளவுதான் வந்தது. எங்கள் ஆய்வக மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "மெஷினும் பழசு, நீயும் புதுசு. அந்த நம்பரைக் கொஞ்சம் கீழ இறக்கிடும்மா" என்றார். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நான் பேசாமல் இருந்தால் எல்லோரும் சரி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் எண் அப்படியே இருப்பதைப் பார்த்தவர், என் லேப்டாப்பில் வைரஸ் இருப்பதாகவும் திங்கட்கிழமை சுத்தம் செய்யக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். ஆய்வகக் கம்ப்யூட்டர் வேகமாக நகராது, சொந்த லேப்டாப் வைத்திருந்தால் கொண்டு வா என்று நான் சேர்ந்த அன்று சொன்னதும் அவரேதான்.

அதனால் இன்று டிஸ்க் இமேஜ் எடுத்தேன். சாதாரண நகல் இல்லை இது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு சட்டையின் அளவுகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்வது ஒன்று. அந்தச் சட்டையையே, பாதி தைத்த கை, குத்தி வைத்த ஊசி, தொங்குகிற நூல் எல்லாவற்றோடும் அப்படியே வைத்துக்கொள்வது இன்னொன்று. இது இரண்டாவது. லேப்டாப்பை யார் என்ன செய்தாலும், இதிலிருந்து இன்றைக்கு இருந்த மாதிரியே திரும்ப வரவழைத்துவிடலாம். சோதனைக் கருவியிலிருந்து இறங்கிய கோப்புகள், தேதிகள், மேலாளர் அனுப்பிய மெயில்கள், எல்லாம் உள்ளே இருக்கின்றன.

நீ போன கடிதத்தில் சொன்னாய் என்று அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் தொடங்கினேன். அதுவும் பாதியில் நிற்கிறது. அதுவும் உள்ளேதான் இருக்கும்.

உன் தங்கை

பிப்ரவரி 13

என் பூனைக்குட்டிக்கு,

பெட்டி வந்தது. டிராயரில் நூல் பாபின்களுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன். இத்தனை சின்னதுக்குள்ளா உன் லேப்டாப் முழுவதும் இருக்கிறது? நீயும் சின்ன வயதில் அப்படித்தான், அலமாரிக்குள் சுருண்டு கிடப்பாய், வீடே தேடும்.

கோபப்படாமல் கேள். நம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் நீ. அப்பா சுமை தூக்கிய தோள் இன்னும் வலிக்கிறது என்கிறார், ஆனால் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் எழுந்து நின்று பதில் சொல்கிறார். எண்ணை மாற்றச் சொல்லவில்லை நான். "சரி சார், மன்னிச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கக் கூடாதா? என்னிடம், காலரை மாற்றித் தைத்துவிட்டதாகச் சண்டை போடுகிறவர்கள் வருவார்கள். தப்பு அவர்களுடையதாகத்தான் இருக்கும். நான் சரி என்று சொல்லி வாங்கிக்கொள்வேன். என்ன குறைந்துபோய்விட்டேன்?

ஒழுங்காகச் சாப்பிடு. அந்தக் கடிதத்தை முடித்துக் கொடுத்துவிடு.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

லேப்டாப் திரும்பி வந்தது. மேலே தூசி துடைத்து, உள்ளே துடைத்து, புதிதாக வாங்கியதைப் போல. என் பெயர்கூட அதில் இல்லை. உங்கள் பெயரை உள்ளிடவும் என்று என்னையே கேட்டது.

ஆய்வகக் கம்ப்யூட்டரில் இருந்த நகலையும் காணோம். பள்ளிக்கூடத் தொட்டியை நான் சோதிக்கவே இல்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். மார்ச் நான்காம் தேதி விசாரணை. அதற்கு முன்னால் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலை தங்கும் என்றார். சோதனைக் குழாய் கழுவுகிற இடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நான் சோதிச்சேன் சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆனால் வந்தது, அக்கா. கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ காலருக்குச் சரி சொல்லலாம். அந்தச் சட்டையை யாரும் குடிக்கப் போவதில்லை. இந்தத் தடவை என்னைப் பணியச் சொல்லாதே. சொன்னால் நான் உனக்குப் பதில் எழுத மாட்டேன்.

அந்தப் பெட்டியை உடனே அனுப்பு. இனி என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

உன் தங்கை

பிப்ரவரி 26

பூனை,

முதலில் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா?

நீ கேட்டபடி பெட்டியை அனுப்பலாம் என்று எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உறை தேடப் போனேன். உன் மாமாவுக்கு அதற்குள் பொறுக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று கடைக்கு எடுத்துப்போய்ச் செருகிவிட்டார். உதவி செய்கிறாராம். நீ எழுதியதை அவரிடம் சொல்லியிருந்தேன். "எந்தக் கம்ப்யூட்டரிலும்" என்பது அவருடையதைச் சேர்க்காது என்று நினைத்துக்கொண்டார்.

நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது திரையில் ஒரு பெட்டி. இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் பார்மட் பண்ண வேண்டும், பண்ணவா என்று கேட்கிறது. அவர் கை மவுஸில் இருக்கிறது. "கம்ப்யூட்டரே கேக்குது, காரணமில்லாமலா கேக்கும்?" என்கிறார்.

பார்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று எனக்குக்கூடத் தெரியும். வயரைப் பிடித்து இழுத்தேன். அவர் டீ டம்ளர் கவிழ்ந்தது.

"கேட்டா குடுத்துடுவீங்களா? எது கேட்டாலும் சரி சரின்னு தலையாட்டிட்டே இருந்தா நமக்குன்னு என்னதாங்க மிஞ்சும்?" என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கத்தி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது, இது உன் மாமாவுக்குச் சொல்ல வேண்டியது இல்லை என்று. உனக்கு நான் எழுதிய கடிதத்தை நினைத்துக்கொண்டேன்.

பாவம், உன் மாமா ராத்திரி சாப்பிட்ட பாத்திரத்தையெல்லாம் அவரே கழுவினார்.

தபாலை நம்ப மாட்டேன். விசாரணைக்கு முந்தின நாள் நானே பஸ்ஸில் கொண்டு வருகிறேன். துணி எல்லாம் தைக்காமல் கிடக்கிறது, வருகிறவர்கள் திட்டட்டும். இந்தத் தடவை நானும் சரி என்று சொல்லப் போவதில்லை.

அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ் ஸ்டாண்டிலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாயே, ஜன்னலோரம் கிடைத்ததா? உன்னை ஏற்றிவிட்டு நடந்தபோது அந்தப் பெட்டி என் கைப்பையில் இன்னும் சூடாக இருந்தது. வழியெல்லாம் நீ அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாய்.

நான் முன்கூட்டியே எதையும் திறக்கவில்லை. இடையில் தொட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது. லேப்டாப்பை அவர்கள் கொடுத்தபடியே கொண்டுபோய் விசாரணை மேசைமேல் வைத்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அம்மா, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். "இப்ப வரும் மேடம்" என்று சொல்லி டிஸ்கைச் செருகினேன்.

இமேஜைத் திரும்ப எழுத நேரம் பிடிக்கும். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நகரும், அவ்வளவுதான். எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ வந்தது, ஆறியது. மேலாளர் எழுந்து, தனக்கு வேறு வேலை இருக்கிறது என்றார்.

"உக்காருங்க சார், முடியப்போகுது" என்றேன்.

நான்தான் சொன்னேன், அக்கா. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நீ வயரை இழுத்த இழுப்பில் டிஸ்க் கெட்டிருக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கெடவில்லை. எடுத்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று அது சரிபார்த்துக்கொண்டது, ஒன்றுதான் என்றது. (மாமா மேல் கோபம் வேண்டாம். நான் எடுத்து வைத்த முறை அவர் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாது. தனக்குப் படிக்கத் தெரியாததை அது காலி என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் மேலாளரும் என்னை அப்படித்தான் நினைத்திருந்தார்.)

பிறகு என் திரை வந்தது. பிப்ரவரி எட்டாம் தேதி இருந்தபடியே. கருவிக் கோப்புகள், இரண்டு சோதனைகள், எண்ணைக் குறைத்துத் திரும்ப அனுப்பு என்று அவர் எழுதிய மெயில். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தொட்டியை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள்.

கதை அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. மேலாளர் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். விசாரணை தொடருமாம். என்னைக் குழாய் கழுவுகிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். நேற்று அலுவலகத்தில் ஒருவர் வந்து தணிந்த குரலில் பேசினார். சொந்த லேப்டாப்பில் அலுவலக வேலை பார்த்ததற்கு ஒரு சின்ன மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும், பழைய இடமே கிடைக்கும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. முடியாது என்றேன். எவ்வளவு சின்னச் சொல் அது, இத்தனை வருடம் என் வாயில் வரவே இல்லை.

அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். இமேஜ் எதையும் விட்டுவைக்காது என்று சொன்னேனே, அந்தப் பாதிக் கடிதமும் திரும்பி வந்து திரையில் நின்றது. "மதிப்பிற்குரிய ஐயா, என் கவனக்குறைவால்" என்பதோடு நிற்கிறது. அவர்கள் கேட்பது ஏற்கனவே பாதி தயாராக இருக்கிறது. முடித்துக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

அந்த ஒன்றை மட்டும் அழித்தேன்.

அழித்த பிறகு, புதிதாக இன்னொரு இமேஜ் எடுத்திருக்கிறேன். தொட்டிச் சோதனைக் கோப்புகள் அத்தனையும் இருக்கின்றன, அந்தக் கடிதம் இல்லை. இனி யார் துடைத்துக் கொடுத்தாலும் நான் திரும்ப வருவது இதிலிருந்துதான்.

பெட்டி அடுத்த தபாலில் வரும். பாபின்களுக்கு அடியிலேயே வை. மாமா கேட்டால் தாராளமாகச் சொல், அது காலியாக இல்லை என்று.

உன் தங்கை