‘ப’வுக்கு ஒரு கட்டம் மேலே

திருவனந்தபுரம்
18.11.1979

அன்புள்ள மகன் லிங்கத்துக்கு அம்மா கோமதியம்மாள் சொல்லி எழுதுவது. சாஸ்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சியும் சாப்பிட்டு எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அந்த மஸ்கட் மணலில் நீயும் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பொழுது விடிந்தால் எனக்கு நினைப்பு. உன் கடிதம் வந்து ஓணம் போனது, தீபாவளியும் போனது. தீபாவளிக்கு அப்பாவுக்கு ஓட்டலில் லீவு கிடைக்கவில்லை, நானும் செண்பகமும் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், முறுக்குச் சுடவில்லை, கடிக்கிற ஆள் நீதானே. மழை விடாமல் பெய்து அடுப்படிப் பக்கம் ஓடு ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். நின்றே பரோட்டா அடித்து அப்பாவுக்குக் கால் வீங்கிப் போகிறது, ராத்திரி வெந்நீர் ஊற்றுகிறேன். நீ கம்பி கட்டுகிற வேலை என்று எழுதியிருந்தாய். துருப்பிடித்த கம்பி கையைக் கீறினால் சும்மா விடாதே, மஞ்சள் வைத்துக் கட்டு, அங்கே மஞ்சள் கிடைக்குமா என்று எழுது. வெயிலில் தலைக்குத் துண்டு போட்டுக்கொள். கூட இருக்கிறவர்களோடு சண்டை வேண்டாம், பட்டினி கிடந்து பணம் அனுப்பவும் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உன் கித்தார் நீ வைத்துவிட்டுப் போனபடியே அலமாரி மேலே பழைய வேட்டியில் சுற்றி இருக்கிறது, யாரும் தொடவில்லை. அப்பாவின் ஓட்டல் முதலாளி வன்னியராஜின் மகன் இப்போது காலேஜில் சேர்ந்து கித்தார் படிக்க ஆசைப்படுகிறானாம். உன் கித்தார் சும்மாதானே இருக்கிறது என்று முதலாளி அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்தார். கானமேளைக் கச்சேரிக்கு என்று ராத்திரி ராத்திரியாக நீ அதைத் தூக்கிக்கொண்டு போனதில் அப்பாவுக்கு அதன்மேல் இன்னும் வெறுப்புத் தீரவில்லை. நான்தான், அவன் பொருள், அவனைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, பதில் வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் மனதில் உள்ளதை எழுது. ஆண்டவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா
கோமதியம்மாள்

அண்ணே, இது நான், செண்பகம். முதல் தாள் அம்மா சாயங்காலம் சொல்லச் சொல்ல எழுதியது. இது அம்மாவுக்குத் தெரியாத தாள். கவரை நாளைக் காலையில் ஒட்டலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார், அவர் குறட்டை நிற்கிறபோதெல்லாம் நானும் பேனாவை நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாதுதான், ஆனால் இந்தத் தாள் அப்பா கையில் கிடைத்தால் ஓட்டலில் கணக்கு எழுதுகிற சிவதாணு அண்ணாச்சியிடம் கொடுத்து வாசித்துக் கேட்டுவிடுவார். அதனால் விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோபிக்காதே.

யாரும் தொடவில்லை என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். அது உண்மை இல்லை. நான் தொட்டேன். நீ போன பிறகு வீட்டில் பேச்சே கிடையாது அண்ணே. அப்பா ஓட்டலிலிருந்து வந்தால் படுக்கை, அம்மா அங்கே மாவாட்டப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கதவைத் திறந்தால் காலையில் போட்டுவிட்டுப் போன பாய் கூட அப்படியே கிடக்கும். ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி வேட்டியை அவிழ்த்தேன். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க அப்பாவின் தோள் துண்டை மடித்துக் கம்பிகளுக்கு அடியில் செருகிக்கொண்டு மீட்டுவேன். தட்டுகிற மாதிரித்தான் கேட்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

யாரிடம் போய்ப் படிப்பது. பள்ளிக்கூடத்தில் விஜயம் டீச்சர் சொல்லிக்கொடுத்த சரளி வரிசை தெரியும், அதை வைத்துக்கொண்டு ஒரே கம்பியில் ஸ ரி க ம தேடிப் பிடித்தேன். பிறகு கடைசி வீட்டு அம்மிணி, அவர்கள் கிறிஸ்தவ சபையில் ஆர்மோனியம் வாசிக்கிறாளே, அவளிடம் கேட்டேன். அவள், எங்க டோ ரே மீயும் உங்க ஸ ரி கமவும் ஒண்ணுதான் கேட்டியா, ஏழு தானே, ஸ்கேல் என்னு சொல்லும் என்றாள். சரி, எனக்கு ஸ்கேல் தெரிந்துவிட்டது என்று நினைத்து மழைக்காலம் முழுக்க அதையே சாதகம் பண்ணினேன். அம்மா கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலி போன சனிக்கிழமை, கித்தாரைப் பாயில் சுருட்டி அம்மிணி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் யாராவது கேட்டால் பாய் காயப் போடப் போகிறேன் என்று சொல்ல வைத்திருந்தேன், அந்த மழையில்.

அங்கேதான் முதல்முறையாகத் துண்டை எடுத்துவிட்டு வாசித்தேன். அவளும் வாசித்தாள். ஸ சேர்ந்தது, ரி சண்டை போட்டது. க, ம, ப சேர்ந்தது, த மறுபடி சண்டை போட்டது. அம்மிணி ஆர்மோனியப் பெட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்துக் கவிழ்ந்தாள். எடி, எனக்க பெட்டி ஏசுவைக் கூப்பிடுது, ஒனக்க கித்தார் முருகனைக் கூப்பிடுதல்லோ, ரெண்டு பேரும் இப்ப வந்து நின்னா யாருக்குச் சாயா போடுவேன் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாளும் தப்பாகவே விரலைத் தேய்த்திருக்கிறேன். பிறகு அவளே இரக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டினாள். சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகம் அல்லவா, அதில் ரி என்பது ஸவுக்கு ஒட்டினாற்போல் அடுத்த கட்டம். அவர்கள் ஸ்கேலில் நடுவே ஒரு கறுப்புக் கட்டையைத் தாண்டித்தான் ரி வரும். த வருவதும் அப்படித்தான். பெட்டியில் கறுப்பு வெள்ளை என்று கண்ணுக்குத் தெரிகிறது, கித்தார் கழுத்தில் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி, எண்ணித்தான் போக வேண்டும். இரண்டு, இரண்டு, ஒன்று, மறுபடி இரண்டு, இரண்டு, இரண்டு, கடைசியில் ஒன்று. இப்போது பஸ்ஸில் கூட முழங்காலில் விரலால் அதைத்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்த நடையை எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் பாட்டு மாறுவதில்லை, உயரம்தான் மாறுகிறது. அப்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீ சாயங்காலம் சுவரில் சாய்ந்துகொண்டு மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருப்பாயே, அம்மா கூட, எறும்பு ஊர்ற மாதிரி என்னல அது, ஒரு பாட்டு வாசியேன் என்று திட்டுவாளே, நான் அதைச் சுருதி சேர்க்கிறாய் என்று நினைத்திருந்தேன். ஸ்கேல் நடந்திருக்கிறாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை.

கானமேளை முடிந்து வந்து நீயாக ஒன்று வாசிப்பாயே, பேர் இல்லாத பாட்டு, அதையும் தேடிப் பிடித்துவிட்டேன். ஒரே ஒரு இடம் மட்டும் ஸ்கேலுக்குள் அடங்கவில்லை. பாட்டு கீழே இறங்கி வந்து நிற்பதற்கு முன்னால், ‘ப’வுக்கு ஒரு கட்டம் மேலே ஒரு சத்தம் வருகிறது. ப வைத்தால் உப்பில்லாமல் இருக்கிறது. அந்தக் கட்டத்தை வைத்தால் நீ வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருக்கிறது. அம்மிணியைக் கேட்டேன், ஸ்கேலில் இல்லாத்தது தெற்றாக்கும் என்கிறாள். ஆனால் நீ தப்பாக வாசித்திருக்க மாட்டாய். யோசித்துப் பார்த்ததில் அந்தப் பாட்டு ‘ஸ’வில் வந்து உட்காரவே இல்லை, ‘த’வில் வந்து உட்காருகிறது. அப்படியானால் ஸ என்று நான் நினைத்த இடமே வேறா, ‘த’வைத்தான் ஸ என்று எண்ணத் தொடங்க வேண்டுமா, அதற்கு வேறு கணக்கு உண்டா. இதைக் கேட்க இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை.

என் இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. பேன் பார்க்கும்போது அம்மா பிடித்துப் பார்த்து, என்னட்டி இது என்று கேட்டாள். தையல் கிளாஸ் என்றேன். அம்மா நம்பிவிட்டாள், அதுதான் ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால், இவளும் கிளம்பிட்டாளா என்று அன்றைக்கே அதை முதலாளி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார், உன் பதிலுக்குக் கூடக் காத்திருக்க மாட்டார். சாயங்காலம் அம்மா அந்தக் கித்தார் விஷயத்தைச் சொன்னபோது, என்னட்டி எழுதாம நிக்கே என்று கேட்டாள். மை வரவில்லை என்று பேனாவை உதறிவிட்டு எழுதினேன்.

அண்ணே, உன் பதில் வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு உட்காருவாள், அப்பா முகட்டைப் பார்ப்பார். கித்தாரைக் கொடுக்க வேண்டாம், செண்பகம் படிக்கட்டும் என்று நீ எழுதாவிட்டாலும் எழுதியிருப்பதாக நான் வாசித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. சாயங்காலத்திலிருந்து அந்த நினைப்புத்தான் வந்து வந்து போகிறது, என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிச் செய்ய மாட்டேன். நீ எழுதியதைத்தான் வாசிப்பேன். கொடுத்துவிடுங்கள் என்று நீ எழுதினால் அதையும் நடுவில் நிறுத்தாமல் வாசிப்பேன், அன்றைக்கே நானே இறக்கித் துடைத்துக் கொடுப்பேன். அப்படியானாலும் ‘ப’வுக்கு மேலே உள்ள கட்டத்தைப் பற்றி மட்டும் எழுதிவிடு. என்ன இது என்று அம்மா கேட்டால் அண்ணன் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்பேன். அது பொய் ஆகாது.

அப்பா இருமுகிறார். விளக்கை அணைக்க வேண்டும். அம்மா சொன்னபடி மஞ்சள் வைத்துக் கட்டு, விரலைப் பார்த்துக்கொள், உனக்கும் அது வேண்டும்.

உன் தங்கை
செண்பகவல்லி